சூடேறினால் உறங்கிவிடும் ஈசிஎம்: கண்டறிந்ததும் மாற்றியதும்

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு விக்கல்கூட இல்லாமல் நின்றது. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் இன்ஜின் சற்று இழுக்கும், தடுமாறும், அதன் பிறகே அடங்கும். இதுவோ யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் காத்திருந்து மறுபடியும் சாவி போட்டபோது, எதுவுமே நடவாததுபோல முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் நான்கு முறை இப்படி ஆயிற்று. நான்கு முறையும் இன்ஜின் நன்கு சூடேறிய பிறகுதான் ஆயிற்று.

வண்டி பதினைந்து ஆண்டுகள் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஒவ்வொரு சிலிண்டருக்கும், ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுப்பும் தனிக் காயில் உண்டு. அந்தக் காயில்களை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் காயிலுக்குள் இல்லாமல் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள்ளேயே, அதாவது பட்டறைகளில் ஈசிஎம் என்று சொல்லப்படும் அந்த அலுமினியப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பெட்டி பேட்டரிக்குப் பக்கத்தில், இன்ஜின் அறைக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு விவரங்களும் பின்னால் தேவைப்படும்.

சூடானால் நின்று, ஆறினால் பிடிக்கும் வண்டிக்கு முதலில் ஐயப்பட வேண்டியது, இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான். அதற்குள் இருக்கும் நுண்ணிய கம்பிச் சுருள் வெப்பத்தில் விரிந்து அறுந்து, ஆறியபின் மீண்டும் தொட்டுக்கொள்வது பல வண்டிகளில் நடப்பதே. ஆகவே ஒரு பட்டறையில் அதை மாற்றினார்கள். கூடவே பெட்ரோல் பம்ப் ரிலேயையும் மாற்றினார்கள். அளந்து பார்த்துச் செய்யப்பட்ட மாற்றங்கள் அல்ல அவை. மூன்றாம் நாளே வண்டி மீண்டும் நின்றது. அதற்குப் பிறகுதான், எதையும் அளக்காமல் இனி ஒரு பாகத்தையும் கழற்றுவதில்லை என்று முடிவுசெய்து, வயரிங் வரைபடத்தைத் தேடி எடுத்து, வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

உண்மையான துப்பு அளவுக் கருவிகளில் கிடைக்கவில்லை, டாஷ்போர்டிலேயே கிடைத்தது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிவதுபோல, இன்ஜின் பழுதைச் சொல்லும் செக் லைட்டும் எரிய வேண்டும். அதே நேரத்தில் பின்னிருக்கைக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ஏறத்தாழ இரண்டு விநாடி முனகி ஓய வேண்டும். வண்டி நின்றுபோன நிலையில் சாவி போட்டுப் பார்த்தபோது மற்ற விளக்குகள் எரிந்தன. செக் லைட் மட்டும் எரியவில்லை, பம்ப்பும் முனகவில்லை. கிராங்க் சென்சார் முற்றிலும் பழுதானாலும் செக் லைட் எரிந்தே தீரும், ஏனென்றால் அந்த விளக்கை எரியவைப்பது சென்சார் அல்ல, ஈசிஎம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கவில்லை என்றால், அவை இரண்டுக்கும் ஆணையிடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றதும் எல்லோரும் செல்ஃப் அடிப்பதிலேயே கருத்தாக இருப்பதால், இந்த விளக்கைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. மாற்றிய சென்சாருக்கும் ரிலேக்கும் முன்னரே இதை ஒருவர் பார்த்திருந்தால் அந்தச் செலவு முழுவதும் மிஞ்சியிருக்கும்.

வண்டி நல்ல நிலையில் ஓடும்போது ஸ்கேனரில் பார்த்ததில் இரண்டு பிழைக் குறிகள் சேமிக்கப்பட்டிருந்தன: மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆவதைச் சொல்லும் பி0303, மூன்றாவது காயிலின் மின்சுற்றைக் குறிக்கும் பி0353. நின்ற நிலையில் அதே ஸ்கேனரை மாட்டினால் இன்ஜின் பகுதி பதிலே சொல்லவில்லை. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பகுதி பதில் சொன்னது. அதோடு, இன்ஜின் கணினியுடன் தொடர்பு அறுந்துவிட்டது என்ற யு0100 குறியையும் கொடுத்தது. ஸ்கேனர் மாட்டும் பதினாறு முனைச் சாக்கெட்டில் 6ஆம், 14ஆம் முனைகள்தான் வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் தொடர்புக் கம்பிகள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவை இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். கம்பிகளின் இரு கோடியிலும் உள்ள 120 ஓம் தடைகள் இரண்டும் இணையாகச் சேர்வதால் வரும் அளவு அது. எனக்கு 60.4 வந்தது. இந்த வண்டியில் அந்தத் தடைகளில் ஒன்று ஈசிஎம்முக்குள்ளேயே இருப்பதால், பெட்டி வரைக்கும் கம்பிகள் அறுபடாமல் சேர்கின்றன என்பதும் இதிலேயே உறுதியாயிற்று. கம்பி நன்றாக இருக்கிறது, அடுத்த முனையில் உள்ளவர்தான் பேசவில்லை.

பேசாத ஈசிஎம் எல்லாமே பழுதான ஈசிஎம் அல்ல. அதற்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். எர்த் சரியாக இல்லாமல் இருக்கலாம். அது சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டை ஏதோ ஒரு சென்சார் எர்த்தோடு சேர்த்துவிட்டதால் அது முடங்கியிருக்கலாம். இந்த மூன்றையும் விலக்கிய பிறகே பெட்டியைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஈசிஎம் என்று சொல்லி மாற்றப்பட்டு, பின்னர் பழுது எர்த் வயரில் இருந்ததாகத் தெரியவந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

சோதிக்கும்போது பழுது நம் முன்னால் இருக்க வேண்டும். ஆறிப்போய் நன்றாக ஓடும் வண்டியில் எதை அளந்தாலும் எல்லாம் சரியாகவே வரும். ஆகவே ஈசிஎம்மில் வயர்கள் வந்து சேரும் கப்ளரின் பின்பக்கம், வயர் நுழையும் ரப்பர் முத்திரை வழியாக மெல்லிய ஊசிமுனைகளைச் செருகி, இரண்டு நீண்ட வயர்களைக் கார் உள்ளே கொண்டுவந்தேன். வயரின் தோலைக் குத்தித் துளைப்பது எளிது. ஆனால் அந்தத் துளை வழியே ஈரம் ஏறி, ஓராண்டில் தாமிரம் பச்சை பூத்துவிடும் என்பதால் அதைச் செய்வதில்லை. ஒரு மல்டிமீட்டரில் சாவி வழியாக வரும் 12 வோல்ட், இன்னொன்றில் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். நண்பர் ஓட்ட, நான் இரண்டு மீட்டர்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் 13.9 என்றும் 5.01 என்றும் அசையாமல் இருந்தன. ஒரு மேட்டில் ஏறும்போது இன்ஜின் நின்றது. முதல் மீட்டர் 12.4க்கு இறங்கியது, ஆல்டர்னேட்டர் சுற்றுவது நின்றதால் வரும் இறக்கம் அது, இயல்பானது. இரண்டாவது மீட்டரில் 0.2 மட்டுமே இருந்தது.

இங்கே வரைபடம் பார்ப்போருக்கு ஒரு சொல். கப்ளரின் படத்தில் முனை எண்கள் வயர் பக்கமிருந்து பார்த்துப் போடப்பட்டவையா, முனைப் பக்கமிருந்து பார்த்துப் போடப்பட்டவையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இடவலம் மாறினால் அளப்பதெல்லாம் வேறு முனையாகிவிடும். தெரிந்த ஒரு வயரின் நிறத்தை வைத்து ஒத்துப்பார்ப்பதே நான் கைக்கொள்ளும் வழி. அதேபோல, பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை ஈசிஎம் இணைந்திருக்கும் நிலையில் 5 வோல்ட் கம்பிகளில் தொடக்கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் மின்னோட்டம் அந்தச் சுற்றுக்குத் தாங்காது. அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான்.

மின்சாரம் வருகிறதா என்பதை முதலில் எடுத்துக்கொண்டேன். பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் முனையிலும் சாவி வழியாக வரும் முனையிலும் மின்னழுத்தம் இருந்தது. மூன்றாவதாக, மெயின் ரிலே வழியாக வரும் முனையில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ரிலேயை இழுப்பதே ஈசிஎம்தான்; உறங்கும் ஈசிஎம் அதை இழுக்காது. இது காரணமா, விளைவா என்று பிரிக்க, ரிலேயைக் கழற்றி அதன் சாக்கெட்டில் 30, 87 முனைகளை ஃப்யூஸ் வைத்த வயரால் இணைத்தேன். மூன்றாவது முனைக்கும் 12 வோல்ட் வந்துவிட்டது. செக் லைட் எரியவில்லை. 5 வோல்ட்டும் பிறக்கவில்லை. எனவே ரிலே காரணம் அல்ல.

எர்த்தில்தான் நான் ஒரு முறை ஏமாந்தேன். ஈசிஎம்முக்கு மூன்று எர்த் முனைகள். மூன்றையும் ஓம் அளவில் பார்த்தபோது எல்லாம் அரை ஓமுக்குள் இருந்தன. மீட்டரின் சொந்த வயர்களே 0.2 ஓம் காட்டும் என்பதால் அதை நல்ல அளவு என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. பாரம் ஏற்றாமல் எர்த்தை மதிப்பிட முடியாது. கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒவ்வோர் எர்த் முனைக்கும் இணைத்து, அந்த முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்த்தேன். இரண்டு முனைகளில் 0.06 வோல்ட். மூன்றாவதில் 0.5 வோல்ட், இது 0.1க்கு மேல் போகக்கூடாது. அந்த வயரைப் பின்தொடர்ந்து போனால், சிலிண்டர் ஹெட்டில் அது போல்ட் போடப்பட்ட இடத்தில் வளையத்துக்கு அடியில் வெண்மையாகப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிய வளையம் வைத்து இறுக்கினேன், 0.04க்கு வந்துவிட்டது. பழுது கண்டுபிடிக்கப்பட்டது என்றே நம்பினேன். இரண்டு நாள் கழித்து, அதே மேட்டில், அதே விதமாக வண்டி நின்றது. கண்ணில் பட்ட ஒரு குறை உண்மையான குறை என்பதாலேயே நாம் தேடும் குறை அதுவே என்று ஆகிவிடாது.

மிஞ்சியது 5 வோல்ட் சுற்று. இந்த வண்டியில் த்ராட்டில் சென்சார், காற்றழுத்த சென்சார், ஏசி அழுத்த சென்சார் ஆகிய மூன்றும் ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் ஈசிஎம் தன்னைக் காத்துக்கொள்ள அந்த 5 வோல்ட்டை விட்டுவிடும். சில வண்டிகளில் அது முற்றிலும் செத்துப்போனதுபோலவே தோன்றும். இன்ஜின் நின்ற நிலையில் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 5 வோல்ட் திரும்பவில்லை. பிறகு ஈசிஎம் கப்ளரையே கழற்றி, அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தேன், தொடர்பே இல்லை. இன்னொரு கம்பியோடு உரசி 12 வோல்ட் ஏறுகிறதா என்றும் பார்த்தேன், இல்லை. உள்ளே போவதெல்லாம் சரியாகப் போகிறது, வெளியே எதுவும் அதை இழுத்துப் பிடிக்கவில்லை, ஆயினும் பெட்டியிலிருந்து 5 வோல்ட் வரவில்லை. குற்றம் சொல்ல இப்போதுதான் ஆதாரம் முழுமையாயிற்று.

ஈசிஎம்மைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன். மூடியைச் சுற்றிலும் சிலிக்கோன் பசை போட்டு அடைத்திருந்தார்கள். மெல்லிய பிளேடை அலகு உள்ளே இறங்காதபடி ஓரமாக ஓட்டி அறுக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. கையில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்புகளைக் கொன்றுவிடும் என்பதால் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டுதான் போர்டைத் தொட்டேன். மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்த பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் கொடுத்ததும் 5.01 வோல்ட் பிறந்தது. ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றினேன். போர்டின் மேற்பரப்பு 58 டிகிரியைத் தாண்டியபோது 5 வோல்ட் மறைந்தது.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது போர்டில் உள்ள ரெகுலேட்டர். பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழே அதன் கால்களைப் பார்த்தேன். மூன்று கால்களில் நடுக்காலைச் சுற்றி, மோதிரம் போட்டதுபோல மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தது. காலைப் போர்டோடு சேர்க்கும் பற்றவைப்பு ஈயம் அதைப் பிடித்திருப்பதுபோலத் தோன்றினாலும் பிடித்திருக்கவில்லை. சூடாக இருக்கும்போதே ஒரு மூங்கில் குச்சியின் நுனியால் அந்தக் காலை இம்மியளவு அழுத்தினேன். மீட்டரில் 5.01 வந்தது. குச்சியை எடுத்தேன், போய்விட்டது. ஐந்தாறு முறை அழுத்தியும் விட்டும் பார்த்தேன். நான்கு முறை நடுவழியில் நிறுத்திய பழுது, ஒரு குச்சி நுனியின் அசைவுக்குக் கட்டுப்பட்டு வந்து போவதைப் பார்த்த அந்தக் கணத்தில், இத்தனை வாரச் சலிப்பும் தீர்ந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன் இன்னொரு கேள்விக்கு விடை வேண்டும்: பதினைந்து ஆண்டு தாங்கிய ஈயம் இப்போது ஏன் விரிசல் விட்டது? ரெகுலேட்டருக்குப் பக்கத்தில்தான் காயில்களை ஓட்டும் நான்கு டிரான்சிஸ்டர்களும் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதைச் சுற்றிப் போர்டு தேன்நிறத்துக்கு மாறி, மேலே பூசியிருந்த காப்புப் பூச்சு குமிழியிட்டிருந்தது. மீட்டரை டயோடு நிலையில் வைத்து நான்கையும் ஒப்பிட்டேன்; மூன்று ஒரே அளவு காட்டின, மூன்றாவது மட்டும் விலகி நின்றது. மூன்றாவது காயிலைப் பற்றிச் சேமிக்கப்பட்டிருந்த அந்த இரண்டு பிழைக் குறிகள் அப்போதுதான் இடத்தில் வந்து பொருந்தின.

காயிலின் ஓம் அளவு தெளிவாக எதையும் சொல்லவில்லை. முதன்மைச் சுருளின் தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும்போது சாதாரண மீட்டரால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு மாற்று ஈசிஎம் கிடைத்த பிறகு காயிலைப் பார்க்கலாம் என்று விடாமல், காயில்களைக் கழற்றி மேசையில் வைத்து, அளவான நேரத்துக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கும் சிறிய சுற்றொன்றைக் கட்டி, மின்னோட்டத்தை அளக்கும் ஆம்பியர் கிளாம்ப்பை, அதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தேன். நல்ல காயிலில் மின்னோட்டம் சரிவுப்பாதை ஏறுவதுபோலச் சீராக உயரும். மூன்று மில்லிவிநாடியில் 7 ஆம்பியரை எட்டியது. மூன்றாவது காயிலில் அது சுவரில் ஏறுவதுபோல நேராக எழும்பி, சுருளின் தடை மட்டுமே தடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று பொருள். அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமந்த டிரான்சிஸ்டர் பல மாதம் கொதித்திருக்கிறது. அந்த வெப்பம் பக்கத்து ஈயத்தை நாள்தோறும் விரியவும் சுருங்கவும் வைத்து விரிசலாக்கியிருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்ததில், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.6 ஆகியிருந்தது. இடைவெளி கூடக் கூட, பொறி தாண்டக் காயில் எழுப்ப வேண்டிய அழுத்தமும் கூடும். காயிலின் காப்பு நைந்துபோக அதுவே போதும். தேய்ந்த பிளக்கில் தொடங்கிய பழுது காயில் வழியாக ஈசிஎம்முக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் காயிலை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியை மாட்டியிருந்தால், புதுப் பெட்டிக்கும் இதே கதிதான்.

ஈயத்தை உருக்கி மீண்டும் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தேன், வண்டி ஓடியது. ஆனால் அந்தக் காலின் கீழே இருந்த தாமிரத் தகடு போர்டிலிருந்து ஓரத்தில் எழும்பியிருந்தது. மூன்றாவது டிரான்சிஸ்டரும் நம்பத்தக்கதாக இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இன்ஜின் அணைந்துபோகும் சாத்தியம் உள்ள ஒரு பாகத்தை, ஓடுகிறது என்பதற்காக மட்டும் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை.

மாற்று ஈசிஎம் தேடும்போது வண்டியின் பெயரும் ஆண்டும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கியர் வகை, ஏசி, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பூட்டு ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரே தோற்றமுள்ள பெட்டிகளுக்குள் வேறு வேறு மென்பொருள் இருக்கும். புதிய பெட்டி வாங்கினால் தயாரிப்பாளரின் கருவியைக் கொண்டு வண்டி எண்ணையும் சாவிகளையும் அதற்குப் பதிவுசெய்ய வேண்டும். எனக்கு அதே எண்ணுள்ள, விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய வண்டியொன்றிலிருந்து எடுத்த பெட்டி கிடைத்தது. அதை அப்படியே மாட்டினால் இன்ஜின் பிடித்து ஓரிரு விநாடியில் அணைந்துவிடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. சாவியில் உள்ள சிப்பின் அடையாளத்தை ஈசிஎம் தன் நினைவகத்தில் உள்ளதோடு ஒத்துப்பார்ப்பதுதான் காரணம். இந்த மாடலில் அந்த அடையாளம் எட்டுக் கால் கொண்ட தனி ஈஈப்ராம் நினைவகச் சிப்பில் இருக்கிறது. பழைய பெட்டியின் சிப்பில் உள்ளதைப் புதிய பெட்டியின் சிப்புக்கு மாற்றிவிட்டால், வண்டி தன் பழைய ஈசிஎம்மோடுதான் பேசுகிறோம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. பல வண்டிகளில் இந்த விவரம் பிராசசருக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும்.

சிப்பைப் போர்டிலேயே வைத்துக் கவ்வி மாட்டிப் படித்தேன். மூன்று முறை படித்து ஒப்பிட்டதில் முதல் இரண்டும் நான்கு இடங்களில் வேறுபட்டன. ஒரு முறை படித்ததை நம்பி எழுதியிருந்தால் அந்த நான்கு இடங்களில் எது கெட்டிருக்குமோ தெரியாது. கால்களின் மேல் காப்புப் பூச்சு இருந்ததும், கவ்வி வழியே போன மின்சாரம் போர்டில் உள்ள மற்றவற்றையும் எழுப்பிவிட்டதும் காரணங்கள். ஆகவே பூச்சைப் பல்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, சூடான காற்றால் சிப்பைப் பெயர்த்தெடுத்துத் தனியாகப் படித்தேன். இப்போது மூன்று படிகளும் ஒரு பைட்கூட மாறாமல் ஒத்தன. வந்த பெட்டியின் சிப்பில் இருந்ததையும் தனியே சேமித்துவைத்த பிறகே அதன் மேல் எழுதினேன். எழுதியதை மீண்டும் படித்து ஒத்துப்பார்த்தேன்.

பொருத்துவதற்கு முன் புதிய பிளக்குகள், புதிய மூன்றாவது காயில். கப்ளரின் ஒவ்வொரு துளையிலும் அதே அளவுள்ள உதிரி முனை ஒன்றைச் செருகி இழுத்து, பிடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்; நுண்ணிய துளைகளில் மீட்டரின் தடித்த முனையைத் திணித்து விரித்துவிட்ட கப்ளர்கள், ஈசிஎம் மாற்றிய பிறகும் பழுது தொடர்வதற்கு ஒரு காரணமாக இருந்துவருகின்றன. பேட்டரி நெகடிவைக் கழற்றி, பெட்டியை மாட்டி, கப்ளரின் நெம்புகோல் கிளிக் என்று பூட்டும் வரை தள்ளினேன்.

முதல் முறை சாவி போடும்போது நான்கு காயில்களையும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றியே வைத்திருந்தேன். ஏதாவது ஒன்று இன்னும் ஷார்ட்டாக இருந்தால் பெட்டியைப் பலிகொடுக்காமல் கண்டுபிடிக்க அது உதவும். செக் லைட் எரிந்தது. பின்னிருக்கைக்கு அடியில் பம்ப் முனகி ஓய்ந்தது. ஸ்கேனர் பேசியது, வண்டி எண் நம் வண்டியுடையதாகவே வந்தது. சென்சார் சுற்றில் 5.00 வோல்ட். இன்ஜெக்டர்களை அளந்தேன், நான்கும் 14 ஓமுக்கு அருகிலேயே இருந்தன. எல்லாவற்றையும் மாட்டி, கழற்றிவைத்ததால் எழுந்த குறிகளை அழித்துவிட்டு செல்ஃப் அடித்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது.

ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் சுற்றும் வேகம், முதலில் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் நின்று ஏறி இறங்கியது. புதிய பெட்டிக்கு இந்த வண்டியின் த்ராட்டில் எங்கே மூடுகிறது என்பது இன்னும் தெரியாது. சர்வீஸ் கையேட்டில் சொன்ன வரிசைப்படி சாவியை ஆன் நிலையில் வைத்துக் காத்திருந்து, பின்னர் ஏசியும் விளக்குகளும் அணைந்த நிலையில் இன்ஜினை முழு வெப்பத்துக்கு வரவிட்டதும் 750க்கு இறங்கி அமைதியாயிற்று. பெட்ரோலை ஈசிஎம் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சொல்லும் எரிபொருள் திருத்த அளவுகள், குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்கும், இரண்டும் 5 சதவீதத்துக்குள் இருந்தன.

மீட்டர் வயர்களைக் கழற்றாமல் மறுபடியும் அதே மேட்டுக்குப் போனோம். பானெட்டைத் திறந்து பெட்டியின் மேல் அளந்தபோது 64 டிகிரி இருந்தது. பழைய பெட்டி உறங்கிய வெப்பத்தைத் தாண்டியாயிற்று. மீட்டரில் 5.00 அசையவில்லை. அதன்பின் ஆறு வாரமும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரும் ஆகியிருக்கின்றன; வண்டியின் எல்லாச் சுயபரிசோதனைகளும் முடிந்து தயார் என்று ஸ்கேனர் காட்டுகிறது, ஒரு குறியும் திரும்பவில்லை. பழைய பெட்டியின் மூடியில் பார்ட் நம்பரையும், எந்தக் காலில் விரிசல் விட்டது என்பதையும், எத்தனை டிகிரியில் என்பதையும் எழுதி, சிப்பின் படிகளைச் சேமித்த மெமரி கார்டையும் உள்ளே வைத்து ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.